முள் பச்சையில் நிற்கிறது

கம்பாதோஸ் துறைமுகக் கடையில்
முதலில் என் கை போனது சின்னதன் மேல்தான்.
சிவப்பு, மினுமினுப்பு, ஒரு கிலோ, விலையும் குறைவு.
"ஒரு கிலோ என்பது எட்டு வினாடி, சபேலா" என்றாள்
கல்லாவிலிருந்த ஒப்துலியா, தலை நிமிராமல்.
எட்டு வினாடியில் எனக்கு
ஒரு காலின் பூட்ஸைக்கூட மாட்டத் தெரியாது.

இரண்டு வாங்கினேன்.
சுக்கானறைக்குப் பொடி, இரண்டு கிலோ.
எஞ்சினுக்குக் கரியமில வாயு.
பொடி தீயை அணைத்த கையோடு
எஞ்சினையும் சேர்த்துக் கொன்றுவிடும்.
வாயு அப்படியல்ல,
வந்த சுவடு தெரியாமல் கிளம்பிப் போகும்.

எங்கே மாட்டுவது என்று ஒரு வாரம் சண்டை.
எலாதியோ அடுப்புக்கு மேலே ஆணி அடித்தான்.
எரிகிற அடுப்பைத் தாண்டியா கை நீட்டுவாய்?
பிடுங்கி வாசலோரம் அடித்தேன்.
அதன் தலையில் தன் ஈரத் தொப்பியை மாட்டினான்.
எடுத்தேன்.
மாட்டினான்.
எடுத்தேன்.

மாதத்தின் முதல் ஞாயிறு என்னுடையது.
டீசல் எஞ்சின் நாளெல்லாம் உதறும் உதறலில்
பொடி அடியில் போய்ப் படிந்து இறுகிவிடுகிறது,
மழைக்காலத்து உப்பு ஜாடி மாதிரி.
முள் அப்போதும் பச்சையில்தான் நிற்கும்.
முள்ளுக்குத் தெரிந்தது அழுத்தம் ஒன்றுதான்.
தலைகீழாய்ப் பிடித்து
ரப்பர் சுத்தியலால் அடியில் தட்டுவேன்,
டொக், டொக்,
உள்ளே மணல் சரியும் சத்தம் கேட்கும்வரை.
அடி வளையத்தில் துருவா என்று நகத்தால் சுரண்டுவேன்.
ஒருமுறை குழலின் வாய்க்குள் ஒரு சிலந்தி,
முட்டைப் பையோடு.
வாயு உருளைக்கு முள்ளே கிடையாது.
சிப்பி நிறுக்கும் தராசில் ஏற்றுவேன்,
கழுத்தில் பொறித்த எண்ணோடு ஒத்துப்போக வேண்டும்.

பக்கத்து மிதவை தெல்மோவுடையது.
நான்கு வருடமாய்ப் பேச்சில்லை.
எங்கள் சிப்பிக் கயிறு பதினொன்றைப்
புயல் அறுத்தது என்றான்.
புயல் கையில் கத்தி வைத்திருந்ததா என்று கேட்டேன்.
அதோடு சரி.

பிப்ரவரியில், பனிமூட்டத்துக்குள்,
அவன் எஞ்சின் பெட்டியின் இடுக்குகளில் கறுப்பாய்ப் புகை.
அவன் தன் உருளையின் ஊசியைப் பிடுங்கி அழுத்தினான்:
ஒரு கரண்டிப் பொடி, பிறகு வெறும் பெருமூச்சு.
முள் பச்சையில்.
உருளையை வீசிவிட்டு மூடியில் கை வைத்தான்.

"திறக்காதே!"
நான்கு வருடத்தில் நான் அவனுக்குக் கொடுத்த முதல் சொல்.
காற்றுக்காகத்தான் அது உள்ளே காத்திருக்கிறது.
"டீசலை மூடு" என்பது இரண்டாவது.

அவன் பெட்டியிலும் அந்தச் சின்னத் துவாரம் இருந்தது.
வருடா வருடம் பூசிய நீலப் பெயின்டில்
துவாரம் என்பதே மறந்து போயிருந்தது.
எலாதியோ உளியை வைத்தான், ஒரே அடி.
நான் எங்கள் உருளையின் வாயை அதில் வைத்து அழுத்தினேன்.
சீறல்.
கொம்பில் பனி பூத்தது,
தவறிப் பட்ட கையுறை ஒட்டிக்கொண்டது.

பிறகு அரைமணி நேரம்
யாரும் மூடியைத் தொடவில்லை.
மூன்று பேர், ஒரு சூடான பெட்டி,
அவன் தெர்மாஸில் இருந்த காப்பி.
கயிற்றைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து எங்கள் சுவரில் வெறும் பட்டை.
எலாதியோ தொப்பியை அங்கே மாட்டினான்,
நான் எடுக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை
தொப்பி மேசையில் இருந்தது.
பட்டையில் உருளை.
புது முத்திரை, ஒப்துலியாவின் அட்டை,
அட்டையில் தெல்மோவின் கோணல் எழுத்தில் தேதி.
இருந்தாலும் தராசில் ஏற்றிப் பார்த்தேன்.
எடை சரி.
கயிறு விஷயம் கயிறு விஷயம்தான்.

மார்ச் முதல் ஞாயிறு.
அரௌசா நீர்மேல் எதுவும் தெரியாத மூட்டம்.
எங்கிருந்தோ, டொக், டொக்.
நிறுத்திக் கேட்டேன்.
சுத்தியல் என் கையில் சும்மா இருந்தது.
தலைகீழாய்ப் பிடித்துத்தான் தட்டுகிறானா, தெரியவில்லை.
கத்திச் சொல்லலாம்.